எடை குறைப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டும்



மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம் இ.இ.இ. துறை நண்பர்கள் சோலார், எலக்ட்ரிக் பைக், ரோபோ என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிஞ்சியது சோறு! சிரிக்காதீர்கள். சோற்றிலும் எனர்ஜி இருக்கிறது, அதற்கும் யூனிட் இருக்கிறது, அதை அளந்து சொல்லத் தனிப் படிப்பே இருக்கிறது. அந்தப் படிப்புப் படித்தவரைத்தான் டயட்டீஷியன் என்கிறோம்; தமிழில் உணவியல் நிபுணர். அவரிடம் போனால் என்ன நடக்கும், எடை எப்படிக் குறைகிறது, நாம் நினைத்த வேகத்தில் அது ஏன் குறைவதில்லை என்பதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

உனக்கெப்படிடா தெரியும் என்பீர்கள். எங்கள் அம்மாவுடன் ஆறு மாதம் கூடவே போய் வந்தவன் நான். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள் அல்லவா, அப்படி வந்த அக்காதான் அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே எச்.பி.ஏ.1.சி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது அது. 5.7க்குக் கீழே இருந்தால் நார்மல், 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். அம்மாவுக்கு 6.2. "எல்லையில நிக்கிறீங்கம்மா. அஞ்சு கிலோ குறைச்சா தள்ளிப்போட வாய்ப்பிருக்கு" என்று டாக்டர் டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

டாக்டர் சும்மா சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் இப்படி எல்லையில் நின்ற 531 பேரைச் சேர்த்து, சுமார் இரண்டரை வருஷம் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்குக் குறைந்ததும் ஏறத்தாழ அதே அளவுதான். எங்கள் வீட்டில் அம்மாவின் கண்ணும் விரலும்தான் பாதி வருமானம். சுகர் வந்து கண் மங்கினால் என் மூன்றாம் வருஷப் பீஸ் மட்டுமல்ல, தங்கச்சியின் படிப்பும் சேர்ந்து நின்றுபோகும். அதனால் எனக்கு இது ஏதோ அழகுக் குறிப்பு விஷயமில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே எழுத்து வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

டயட்டீஷியன் என்றால் ஓட்ஸ், புரோக்கோலி, ஆலிவ் ஆயில் என்று அச்சடித்த தாளை நீட்டுவார் என்று நினைத்திருந்தேன். அந்த மேடம் ஒரு தாளும் தரவில்லை. கேள்விதான் கேட்டார், முக்கால் மணி நேரம் கேட்டார். முதலில் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு. அம்மா 152 சென்டிமீட்டர், 68 கிலோ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. வரும்: 29.4. வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை சரி. 30 தாண்டினால்தான் பருமன். நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தொட்டாலே பருமன் என்று இந்திய மருத்துவர்கள் 2009இல் வரையறை வெளியிட்டார்கள். காரணம், அதே எடையில் நம் ஆட்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம். சுகரும் சீக்கிரம் வருகிறது. அதனால்தான் இடுப்பையும் அளக்கிறார்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அம்மாவுக்கு 94.

பிறகு சாப்பாட்டுக்கு வந்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் ஊத்துறீங்க?" என்று கேட்டிருந்தால் அம்மா "கொஞ்சந்தாங்க" என்றிருப்பார்கள். மேடம் அப்படிக் கேட்கவில்லை. "மாசத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குறீங்க?" என்றார். அஞ்சு லிட்டர். வீட்டில் நாலு பேர். நீங்களே போட்டுப் பாருங்கள்: அஞ்சு லிட்டர் எண்ணெய் சுமார் 4,550 கிராம், நாலு பேர், 30 நாள், ஆளுக்குத் தினம் 38 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரிச் சாப்பாட்டுக்கு 27 கிராம் போதும் என்கிறது. அதிலேயே தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் இது அப்படியே தலைகீழ். நிறைய வீடுகளில் அப்படித்தான் இருக்கும்.

(அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு துணுக்கு. அது பிறந்தது நம் குன்னூரில்! 1918இல் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஒரே அறையில், பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியையே நம்பியிருப்பவர்களுக்கு வருகிற நோய் அது. 1958இல்தான் ஐதராபாத் போயிற்று. நமக்கு ஸ்டீம் டேபிள் எப்படியோ, டயட்டீஷியன்களுக்கு அவர்கள் போடும் உணவுச் சத்து அட்டவணை அப்படி.)

அடுத்து மேடம் கேட்ட கேள்விதான் எனக்கு மறக்கவில்லை.

"வீட்ல கடைசியா சாப்பிடுறது யாரும்மா?"

"நான்தாங்க."

"சட்டியில சோறு மிஞ்சினா?"

"கொட்டவா முடியும்? நானே போட்டுக்குவேன்."

"அப்ப உங்க சாப்பாட்டோட அளவு உங்க பசியில இல்ல, உலையில போடுற அரிசியில இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷமாக அந்தச் சட்டிச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். கடைசியில் மிஞ்சுவது எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. இன்டர்நெட்டில் கிடைக்கும் எந்தச் சார்ட்டும் இந்தக் கேள்வியைக் கேட்காது என்பது என் கருத்து. ஆளைப் பார்த்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி வரச் சொன்னார். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், கறிக்குழம்பு நாளாச்சே! டீயும் எழுத வேண்டும். அம்மா ஊசியில் நூல் கோர்ப்பது போல ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு டீ. நாளுக்கு அஞ்சு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆகப் பத்து ஸ்பூன், 50 கிராம், 200 கலோரி.

இந்தக் கலோரியை நம் பாஷையில் பார்ப்போம். ஒரு யூனிட் கரன்ட் 860 கிலோ கலோரி. (சாப்பாட்டில் கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோ கலோரிதான்.) நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற மனிதர் 24 மணி நேரமும் எரிகிற 97 வாட் லோடு. கிட்டத்தட்ட ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பு! செலவுக்கு மேல் உள்ளே வருவது கொழுப்பாகச் சேமிப்பில் போகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி, அதாவது 9 யூனிட். 12 வோல்ட், 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். ஆக ஒரு கிலோ கொழுப்பு அஞ்சு இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சமம். ஒவ்வொன்றும் சுமார் 50 கிலோ கனம். இவ்வளவு கச்சிதமான பேட்டரியை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. அதனால்தான் அது சீக்கிரம் தீர மாட்டேன் என்கிறது.

இப்போது அந்தப் பொடி டப்பா விவகாரம். எங்கள் தெருவில் ஒருவர், பாலில் கலக்கிக் குடித்தால் பத்து நாளில் அஞ்சு கிலோ என்று அம்மாவிடம் ஒரு டப்பாவைக் காட்டியிருந்தார். விலை, கொத்து வேலைக்குப் போகும் அப்பாவின் நாலு நாள் கூலி. மேடத்திடம் கேட்டோம். அவர் திட்டவில்லை, கணக்குப் போடச் சொன்னார். அஞ்சு கிலோ கொழுப்பு 38,500 கலோரி. பத்து நாளில் என்றால் தினம் 3,850 கலோரி குறைக்க வேண்டும். அம்மா சாப்பிடுவதே அவ்வளவு கிடையாது! பிறகெப்படிச் சிலருக்கு முதல் வாரம் மளமளவென்று இறங்குகிறது? உடம்பில் கிளைக்கோஜன் என்று ஒரு மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் கரைவது அதுதான். தராசில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். சோறு போட்டால் திரும்பி வந்துவிடும். பட்டினி நீண்டால் தசையும் கரையும், பித்தப்பையில் கல்லும் வரலாம். டப்பாக்காரரை அப்பாவே திருப்பி அனுப்பிவிட்டார்.

மேடம் போட்ட திட்டத்தில் புதிதாக எந்தப் பண்டமும் இல்லை. உலையில் அரை ஆழாக்கு அரிசி குறைவு. அது சுமார் 70 கிராம், 250 கலோரி. எண்ணெய் மாதம் மூன்றரை லிட்டர். அதில் ஆளுக்குத் தினம் 100 கலோரி மிச்சம். டீ மூன்று, ஒரு ஸ்பூன் சர்க்கரை, 140 மிச்சம். பதிலுக்கு ஒரு முட்டை அல்லது ஒரு கை சுண்டல், இரண்டு கரண்டி பொரியல் கூடுதல். புரதமும் நார்ச்சத்தும் இல்லாமல் சோற்றை மட்டும் குறைத்தால் நாலு மணிக்கே பசித்து, முறுக்கு டப்பாவில் கை போய்விடுமாம். கூடவே அரை மணி நடை. எல்லாம் கூட்டிக் கழித்தால் நாளுக்கு 500 கலோரிக்குக் கொஞ்சம் குறைவாகப் பற்றாக்குறை விழும். ரேஷன் அரிசியை மாற்றச் சொல்லவே இல்லை. "எந்த அரிசின்னு அப்புறம் பாத்துக்கலாம், எவ்வளவுன்னு மொதல்ல பாருங்க" என்றார். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார்: குறைக்கும் அரை ஆழாக்கு அம்மாவின் பங்கு மட்டும், வளர்கிற தங்கச்சி தட்டிலும் வெயிலில் நிற்கும் அப்பா தட்டிலும் கை வைக்கக் கூடாது. ஆகவே அம்மா கடைசியில் சாப்பிடும் வழக்கம் போனது. ராத்திரி நாலு பேரும் சேர்ந்து உட்காருகிறோம்; அம்மாவுக்கு முதலிலேயே போட்டு வைத்துவிடுகிறோம்.

தையல் மெஷினுக்கு இரண்டு வருஷம் முன்பு மோட்டார் போட்டோம். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அதைக் கழட்டிடணுங்களா?" என்று அம்மா பயந்தபடி கேட்க, மேடம் சிரித்துவிட்டார். மோட்டார் இருக்கட்டும், பொழுது சாய்ந்ததும் நடந்தால் போதும் என்றார்.

கணக்குப்படி 180 நாளில் 11 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். குறைந்தது 4.8. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜெனரேட்டரில் தருவதெல்லாம் லோடுக்கு வந்து சேருகிறதா? அது போலத்தான். முதலாவது, எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. 68 கிலோவைச் சுமந்து நடப்பதும் 64 கிலோவைச் சுமப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, நோட்டில் எழுதுவது கண்ணளவு. ஒரு கரண்டி என்பது ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு அளவு. மூன்றாவது, பொங்கல், இரண்டு கல்யாணம், ஒரு காது குத்து! கல்யாண வீட்டில் இலையை மூட வேண்டாம், மறுநாள் பழைய கணக்குக்கு வந்தால் போதும் என்பது மேடத்தின் கொள்கை. எனக்கு மிகவும் பிடித்த கொள்கை.

மூன்றாம் மாதம் அஞ்சு வாரம் தராசு அசையவே இல்லை. அம்மா மனம் விட்டுப்போனார்கள். மேடம், "உங்ககிட்ட டேப் இருக்குல்லம்மா, இடுப்பை அளந்து பாருங்க" என்றார். ஊருக்கெல்லாம் அளவெடுத்த டேப்பில் அம்மா தன்னை அளந்தது அன்றுதான். 94 இருந்தது 91. மறுநாள் தன் ஜாக்கெட் இரண்டைப் பிரித்துப் பிடித்துத் தைத்தார்கள். ஆறாம் மாதம் எடை 63.2, எச்.பி.ஏ.1.சி. 5.8. எல்லையை முழுக்கத் தாண்டி வரவில்லை. ஆனால் விளிம்புக்கு வந்தாயிற்று.

உங்களில் யாருக்காவது, அல்லது வீட்டில் யாருக்காவது, தேவைப்பட்டால் சில விஷயம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயட்டீஷியன் இருப்பார்கள். எங்களுக்கு பஸ் காசு தவிர வேறு செலவில்லை. தனியாரிடம் போனால் படிப்பைக் கேளுங்கள், தப்பில்லை. உணவியலில் பட்டம் பெற்று, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் பதிவு பெற்ற டயட்டீஷியன் என்று போட்டுக்கொள்வார்கள். 2021இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இந்தத் தொழிலையும் சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஜிம்மில் பனியன் போட்டு நிற்பவரெல்லாம் டயட்டீஷியன் ஆகிவிட மாட்டார். ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும், ஆபத்து. நம் ஹாஸ்டலில் 48 கிலோவில் இருந்துகொண்டு தொப்பை என்று ராத்திரிச் சாப்பாட்டை விடும் நண்பர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்களும் டயட்டீஷியனைப் பார்க்கலாம், எடை கூட்டுவதற்கு!

போகும்போது மூன்று நாள் சாப்பாட்டை எழுதி எடுத்துப் போங்கள். மளிகைச் சீட்டையும் மறக்காதீர்கள், எண்ணெய்க் கணக்கு அதில்தான் இருக்கிறது. சமைப்பவர் யாரோ அவரையும் கூட்டிப் போக வேண்டும். எங்கள் வீட்டில் சுண்டலுக்கு முதல் நாள் ராத்திரி கொண்டைக்கடலை ஊறப்போடுவது இப்போது என் வேலை.