யானைக்குப் பயந்து தூங்காதவருக்கு எத்தனை மார்க்?

மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. பிஎச்க்யூ-9 என்று பெயர். அமெரிக்க மருத்துவர்கள் 1990களில் உருவாக்கியது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மார்க், மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் போனதா, தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். 10 வந்துவிட்டால் அவரைக் கவனிக்க வேண்டும் என்று கணக்கு. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களின் வாசல்படியில் இந்தத் தாளோடு உட்கார்ந்து கேள்வி கேட்பது என் தொழில்.

மூன்றாவது கேள்வி தூக்கம் பற்றியது. கொழுந்தெடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம் கேட்டேன்.

"எங்கிட்டுத் தூங்குறது மிஸ்? ராத்திரி பூரா ஆனை வாழைய முறிச்சுக்கிட்டு நின்னுச்சு. புள்ளைகள நடுவுல போட்டுக்கிட்டு நானும் அவரும் முழிச்சே கெடந்தோம்."

எத்தனை நாளாக இப்படி என்றேன்.

"பலாப்பழம் முடியிற மட்டும் இப்படித்தான்."

தாளின்படி 'ஏறக்குறைய தினமும்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். மூன்று மார்க். அந்த அக்காவுக்கு நோய் ஒன்றும் இல்லை. கதவுக்கு வெளியே யானை நிற்கும்போது தூங்குகிறவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். ஆனாலும் அவர் தூங்கவில்லை, உடம்பு தளர்கிறது, எரிச்சல் வருகிறது, பிள்ளையை அடிக்கிறார் என்பதெல்லாம் உண்மை. ஏழாவது கேள்வி இன்னும் வேடிக்கை. செய்தித்தாள் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ கவனம் சிதறுகிறதா என்று கேட்கிறது. லயனில் பேப்பர் வாங்குகிறவர் யார்? கொழுந்தெடுக்கையில் கவனம் போகுமா என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். "கவனம் போனா முத்தல் இலை வந்துரும், எடையில கழிச்சுருவாங்க" என்று பதில் வந்தது. கவனம் சிதற அவர்களுக்கு வசதியில்லை.

கேள்வித்தாளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மனசைப் பற்றி யாருமே கேட்காத இடத்தில், ஒன்பது கேள்வியாவது கேட்க அது ஒரு சாக்கு. மார்க்கை மட்டும் எழுதிக்கொண்டு, பக்கத்தில் 'யானை' என்று எழுதாமல் வருகிறவர்களோடுதான் என் சண்டை.

நானும் லயனில் பிறந்தவள்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறை மூலம் அரசு தேயிலை பயிரிட்டது. அதுதான் 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமானது. எங்கள் பாட்டி கடைசிவரை "நெஞ்சு பாரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஈசிஜி எடுத்தோம், தைலம் தேய்த்தோம். கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேர் இலங்கையில் ஹட்டன் பக்கத்திலேயே நின்றுவிட்டதையும், அதற்குப் பிறகு அவர்கள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை என்பதையும் எந்த டாக்டரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

படித்தவர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஏழைகள் மனவலியை உடம்புவலியாகச் சொல்வார்கள், மனசைப் பற்றிப் பேசத் தெரியாது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தோட்ட டிஸ்பென்சரியில் முதுகுவலிக்கு மாத்திரை உண்டு, சத்து ஊசி உண்டு, சில சமயம் ஒருநாள் லீவும் உண்டு. மனசு சரியில்லை என்று போய் நின்றால் என்ன கிடைக்கும்? எதைச் சொன்னால் மருந்து கிடைக்குமோ அதைச் சொல்கிறார்கள். இதில் அறியாமை எங்கே இருக்கிறது? அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் புருஷன் குடி, மகள் படிப்பு நின்றது, கடைக்காரன் கணக்கு என்று வரிசையாக, தெளிவாகத்தான் சொல்கிறார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 100க்கு 70 முதல் 92 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று அது சொன்னது. நோய்க்கு நோய் எண்ணிக்கை மாறும். இந்த எண்ணைச் சொன்னதும் கூட்டங்களில் உடனே எழுகிற பேச்சு, 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்பது. விழிப்புணர்வு இருந்தால் மட்டும் சேரம்பாடியிலிருந்து ஊட்டி பக்கத்தில் வந்துவிடுமா? கூடலூரிலிருந்தே ஊட்டி 50 கிலோமீட்டர், அதுவும் கொண்டை ஊசி வளைவு. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். நல்ல விஷயம். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாளில் கீழே இருக்கிற அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார். அதுவும் நல்லதுதான். ஆனால் போகிற அன்று தோட்டத்தில் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை. கூட ஒரு ஆள் போனால் இரண்டு பேர் விழாது. மனச்சோர்வுக்கு மாதாமாதம் போக வேண்டும். இருட்டுவதற்குள் திரும்பாவிட்டால் பஸ் நிறுத்தத்திலிருந்து லயன் வரை யானைப் பாதை. இவ்வளவு கணக்குப் போட்டு ஒருத்தி 'அடுத்த வாரம் போய்க்கலாம்' என்று முடிவெடுத்தால் அதை விழிப்புணர்வுக் குறைவு என்று நான் எழுத மாட்டேன்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவுக்கு நடந்தது இதேதான். அவரிடம் சிகிச்சையில் இருந்த இளம்பெண் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரவில்லை என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்றார் அவளுடைய தாய். சிபாண்டா அதன்பின் 2006இல் ஹராரே நகரில் ஒரு வேலை செய்தார். சுகாதார நிலையத்து மரத்தடியில் பெஞ்ச் போட்டு, அந்தந்தப் பகுதிப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார். வருகிறவர்கள் பிரச்சினையைச் சொல்வார்கள். அதில் இந்த வாரம் எதைச் சரிசெய்யலாம் என்று பாட்டியும் அவர்களுமாக முடிவு செய்வார்கள். 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது.

கோவாவில் சங்காத் நிறுவனமும் விக்ரம் படேல் குழுவினரும் இதை இந்தியாவிலேயே செய்து காட்டினார்கள். மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்கள் ஆறிலிருந்து எட்டு முறை சந்தித்துப் பேசியதில், மூன்று மாதத்தில் 100க்கு 64 பேர் கடும் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் மீண்டவர்கள் 39 பேர். 2017இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது.

எங்கள் ஜனங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாம்களில், சென்னை சிநேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் முகாமில் வசிப்பவர்களையே தன்னார்வலர்களாகப் பழக்கினார்கள். ஆபத்தில் இருக்கிறவர் என்று தெரிந்தால் விட்டுவிடாமல் அடிக்கடி போய்ப் பார்ப்பது, மனம் உடைகிற நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, என்ன செய்வது என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்துவைப்பது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இப்படிச் செய்யாத இன்னொரு முகாமோடு ஒப்பிட்டபோது தற்கொலையும் முயற்சிகளும் குறைந்திருந்ததை 2017இல் வெளியிட்டார்கள். கப்பலேறி வந்த காரணம் வேறு, ஆண்டு வேறு. ஆனால் அந்த முகாமையும் என் லயனையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பணக்கஷ்டம் மனசை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்து, உலகம் பேசிய ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழரான செந்தில் முல்லைநாதனும் ஆனந்தி மணி, எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோரும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறிவுத்திறன் புதிர்கள் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் கையில் காசில்லாதபோது ஒரு முறை, வெட்டி முடித்துப் பணம் வந்தபின் ஒரு முறை. ஆள் அதே ஆள்தான். காசில்லாத காலத்தில் குறைவாகத்தான் போட்டார்கள். கடனும் கவலையுமே மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது அவர்கள் வாதம். 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. இதோடு சேர்த்து அவர்கள் அமெரிக்காவில் செய்த சோதனைகளின் கணக்கைப் பின்னால் வேறு ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள், இந்த வகை ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது எல்லாம் ஒன்றுபோல நிற்கவும் இல்லை. அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் தீபாவளி போனஸ் வந்த வாரமும், பச்சைத் தேயிலை விலை விழுந்த வாரமும் அதே பெண்ணிடம் அதே கேள்வித்தாளை நீட்டிப் பாருங்கள். விடை மாறும். 'இதுகளுக்குச் சொன்னா வெளங்காது' என்று ஆபீஸ் ரூமில் பேசுகிறவர்கள் எந்த வாரத்தில் போய்ச் சொன்னார்கள் என்று நான் கேட்பதுண்டு.

லயனைவிட எட்டாத இடத்தில் இருக்கிறவர்கள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர் போன்ற ஆதிவாசிகள். கூடலூரில் ஜன்ம நிலம் பற்றிய 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வழக்கால் ஏராளமான குடும்பங்களுக்குப் பட்டாவும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. இதெல்லாம் மனநலக் கேள்வித்தாளில் வராது. அங்கே 1986இல் அக்கார்ட் அமைப்பு ஆதிவாசிகளிடையே வேலையைத் தொடங்கியது. பிறகு அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை 1990இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது கட்டடமல்ல. ஆதிவாசிப் பெண்களே நர்சாகப் பயின்றார்கள். ஊருக்குள்ளிருந்தே சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். அதுவரை ஆஸ்பத்திரி வாசலில் ஒதுங்கி நின்ற பணியர் சமூகத்துப் பெண், உள்ளே தன் பாஷை பேசுகிற நர்சைப் பார்த்ததும் உட்கார்ந்து பேசினாள். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும், இந்த மலையின் ஆதிவாசிகளிடம் 1952லேயே கண்டறியப்பட்ட அரிவாள் செல் நோய்க்கும் பலித்த வழி மனசுக்கு மட்டும் பலிக்காமல் போகாது.

தோட்டங்களுக்கும் இது புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. குன்னூரில் 'உபாசி' என்கிற தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் இருக்கிறது, 1893இல் தொடங்கியது. அது 1970களில் தோட்டத் தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் 'லிங்க் வொர்க்கர்' என்று ஒருவர். வேறு யாருமில்லை, லயனிலேயே இருக்கிற, தானும் கொழுந்தெடுக்கிற பெண்தான். ஏறக்குறைய 20 குடும்பத்துக்கு ஒருத்தி. யார் வயிற்றில் பிள்ளை, எந்தக் குழந்தைக்கு ஊசி போடவில்லை, எந்த வீட்டில் வயிற்றுப்போக்கு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் வந்து சொன்னால் டிஸ்பென்சரி அசையும். குடும்பக் கட்டுப்பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தப் பெண் தேவைப்பட்டாள். எந்த வீட்டில் அடி விழுகிறது, யார் மூன்று நாளாகப் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அதைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

அதனால் நான் கேட்பது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதைக் கொண்டுவருகிற ஆளுக்கே கோவாவில் கொடுத்த மாதிரி சில வாரப் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் லயனிலேயே இருக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் போய்ப் பேசுகிற நேரத்துக்கும் பேர் போடுங்கள். ஊதியமில்லாத சேவை என்று அவர் தலையில் கட்டாதீர்கள். அவரால் முடியாததைக் கவனிக்க மனநல டாக்டர் பந்தலூர் வரைக்கும் தவறாமல் வரட்டும்.

அதுவரைக்கும் கையில் இருப்பது 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். லயனுக்குள் டவர் கிடைக்காத இடங்கள் நிறைய. மேட்டுக்கு ஏறித்தான் பேச வேண்டும். தோட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த கணக்கப்பிள்ளையோ, கம்பவுண்டரோ, பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்) ஆயாவோ இருந்தால், இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் டிஸ்பென்சரிச் சுவரிலும் எடை போடும் கொட்டகையிலும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.