மூளையைக் காணோம்!

பிடித்த, 'டிவி' தொடர் ஒன்று நிற்கப் போகிறது என்று கேள்விப்பட்டால் என்ன செய்வீர்கள் குட்டீஸ்? கொஞ்ச நேரம், 'உம்'மென்று இருப்பீர்கள். அப்புறம், வேறு, 'சானல்' பார்க்கப் போய் விடுவீர்கள். ஆனால், அமெரிக்காவில் ஒரு ரசிகர் கூட்டம் அப்படி சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதி எழுதியே, நிற்க இருந்த தொடரை மீண்டும் வரவழைத்தது. ஆசை ஆசையாய் முதல் பகுதியைப் பார்க்க உட்கார்ந்தபோது, அவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா?

அந்தத் தொடரின் பெயர், 'ஸ்டார் ட்ரெக்'. ஜீன் ராடன்பெரி என்பவர் உருவாக்கியது. என்.பி.சி., என்ற, 'டிவி' நிறுவனம், 1966ம் ஆண்டு, செப்டம்பர் 8ம் தேதி ஒளிபரப்பத் துவங்கியது. 23ம் நூற்றாண்டில், 'என்டர்பிரைஸ்' என்ற விண்கலத்தில் ஊர் ஊராக இல்லை, கிரகம் கிரகமாகச் சுற்றுபவர்களின் கதை. கலத்துக்குத் தலைவர், கேப்டன் கிர்க். அவருக்கு அடுத்த அதிகாரி, ஸ்பாக். கூரான காது, மேல்நோக்கி ஏறிய புருவம் என்று பார்க்கவே வித்தியாசமாக இருப்பார். அப்பா, வல்கன் கிரகத்துக்காரர், அம்மா, பூமிக்காரர். கோபம், சிரிப்பு எதையும் வெளியே காட்ட மாட்டார். எதைக் கேட்டாலும் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வார். ரசிகர்களுக்கு அவர் என்றால் உயிர். கலத்தின் டாக்டர் மெக்காய்க்கும், இவருக்கும் தினமும் வாய்ச்சண்டை!

ரசிகர்கள் உயிரை விட்டாலும், மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை, 'டிவி' நிறுவனத்துக்குப் போதவில்லை. இரண்டாவது, 'சீசன்' ஓடிக் கொண்டிருந்த, 1967ம் ஆண்டின் கடைசியில், 'இதோடு நிறுத்தப் போகிறார்கள்' என்று பேச்சு கிளம்பியது.

பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி, இந்தத் தொடரின் தீவிர ரசிகர்கள். அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடு ஒன்றின் முகவரிப் பட்டியல் அவர்களிடம் இருந்தது. அதில், 4,000 பெயர்கள். 'தொடரை நிறுத்தாதீர்கள் என்று, 'டிவி' நிறுவனத்துக்கு எழுதுங்கள். இன்னும் பத்து பேரையும் எழுதச் சொல்லுங்கள்' என்று அத்தனை பேரையும் கேட்டுக் கொண்டனர். 4,000 பேர், ஆளுக்குப் பத்து பேர் என்றால், 40,000 ஆயிற்றா? வந்ததோ அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்! 1967 டிசம்பரில் இருந்து, 1968 மார்ச் வரை, கிட்டத்தட்ட, 1,16,000 கடிதங்கள். பிப்ரவரியில் மட்டும், 52,000க்கு மேல். 'இ-மெயில்' இல்லாத காலம் அது. ஒவ்வொரு கடிதமும் காகிதத்தில் எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டது. 1968 ஜனவரியில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக மாணவர்கள், 200 பேருக்கு மேல், 'வல்கன் சக்தி' என்றெல்லாம் அட்டைகளைப் பிடித்தபடி, பர்பேங்கில் உள்ள என்.பி.சி., 'ஸ்டூடியோ'வுக்கு ஊர்வலமே போயினர்.

1968ம் ஆண்டு, மார்ச் 1ம் தேதி, அன்றைய பகுதி முடிந்ததும், 'ஸ்டார் ட்ரெக் மீண்டும் வரும்' என்று, 'டிவி'யிலேயே அறிவித்தனர். 'போதும், எழுதுவதை நிறுத்துங்கள்' என்பதுதான் அதன் உள் அர்த்தம். ரசிகர்கள் விட்டால்தானே... நன்றி சொல்லி, மறுபடியும் அதே அளவுக்குக் கடிதம் போட்டனர்!

இதுவரை கதை நல்லபடியாகத்தான் போயிற்று.

திங்கள்கிழமை மாலை, 7:30 மணிக்கு ஒளிபரப்புவதாக முதலில் திட்டம். பிறகு, வேறொரு நிகழ்ச்சிக்காக அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு, 10:00 மணிக்குத் தள்ளி விட்டனர். சின்னப் பிள்ளைகள் தூங்கும் நேரம். கல்லூரி மாணவர்கள் வெளியே சுற்றப் போகும் நேரம். யார் கடிதம் எழுதினரோ, அவர்களே பார்க்க முடியாத நேரம்! ராடன்பெரி மனம் வெறுத்துப்போய், அன்றாடத் தயாரிப்பு வேலையில் இருந்து ஒதுங்கிக் கொண்டார். பிரெட் பிரைபர்கர் என்பவர் பொறுப்பேற்றார். செலவுக்குக் கொடுக்கும் பணத்தையும் குறைத்து விட்டனர்.

1968 செப்டம்பர் 20, இரவு மணி, 10:00. மூன்றாவது, 'சீசனின்' முதல் பகுதி. தலைப்பு, 'ஸ்பாக்கின் மூளை'.

அந்தக் கடிதங்களில் ஒன்றை நீங்களே எழுதியிருந்ததாக நினைத்துக்கொண்டு, கதையைக் கேளுங்கள்.

காரா என்ற மர்மப்பெண், 'என்டர்பிரைஸ்' கலத்துக்குள் திடீரென்று தோன்றுகிறாள். கை வளையத்தில் ஒரு பொத்தானை அழுத்துகிறாள். எல்லாரும், 'பொத்'தென்று மயங்கி விழுகின்றனர். விழித்துப் பார்த்தால், ஸ்பாக் சிகிச்சை அறையில் கிடக்கிறார். தலைக்குள் மூளையைக் காணோம்! யாரோ களவாடி விட்டனர். 24 மணி நேரத்துக்குள் மூளையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

தேடிக்கொண்டு, பனி மூடிய ஒரு கிரகத்துக்குப் போகின்றனர். மூளை இல்லாத ஸ்பாக்கையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவர் தலையில் ஒரு கருவியை மாட்டி, 'ரிமோட்'டில் ஓடும் பொம்மைக் கார் மாதிரி நடக்க வைத்துக் கூட்டிப் போகின்றனர்! தரைக்கு அடியில் பெண்கள் வாழும் ஒரு நகரம். அங்கே காற்று, வெப்பம், தண்ணீர் எல்லாவற்றையும் கவனிக்கும் பெரிய இயந்திரத்தின் உள்ளே, ஸ்பாக்கின் மூளை வேலை பார்த்துக் கொண்டிருக்கிறது. தலையில் மாட்டினால் அறிவு வந்துவிடும் ஒரு கவசத்தை அணிந்து, டாக்டர் மெக்காய் அறுவை சிகிச்சையை ஆரம்பிக்கிறார். பாதியில், படித்தது மறந்து போகிறது. பரீட்சை நேரத்தில் நமக்கு மறக்குமே, அந்த மாதிரி! உடனே, பேச்சுக்கான இணைப்பை முதலில் கொடுக்க, ஸ்பாக்கே படுத்தபடி, 'இதை இங்கே சேர், அதை அங்கே சேர்' என்று வழி சொல்லி, தன் மூளையைப் பொருத்திக் கொள்கிறார்.

ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பலர் தலையில் கை வைத்துக்கொண்டனர். பலர் விழுந்து விழுந்து சிரித்தனர். 'ஸ்டார் ட்ரெக்' பகுதிகளிலேயே மோசமானது எது என்று ரசிகர்கள் பட்டியல் போடும் போதெல்லாம், முதல் சில இடங்களில் இது வந்து விடும். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாயே, படப்பிடிப்பு முழுக்கத் தனக்குக் கூச்சமாக இருந்ததாக எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், கதையை எழுதிய ஜீன் கூன், முந்தைய, 'சீசன்'களில் அருமையான கதைகள் தந்தவர். இதில் வேறு பெயரைப் போட்டுக் கொண்டார். வெட்கப்பட்டு அல்ல, அப்போது அவர் வேறு, 'ஸ்டூடியோ'வில் வேலை பார்த்து வந்தார்.

அறிவியலும் உதைக்கத்தான் செய்கிறது. மூளையின் எடை, ஏறக்குறைய, 1.4 கிலோ. அதில் சுமார், 8,600 கோடி நரம்பு செல்கள். மூச்சு விடச் சொல்வதே மூளையின் தண்டுப் பகுதிதான். அதை வெளியே எடுத்துவிட்டு ஒருவரை நடக்க வைப்பது நடக்காத காரியம். ஆனால், மனிதனுக்கு மனித இதயத்தை மாற்றிப் பொருத்தும் முதல் அறுவை சிகிச்சை, தென் ஆப்ரிக்காவின் கேப்டவுன் நகரில் நடந்தது, 1967 டிசம்பர் 3ல்தான். 'இதயம் மாறும்போது, மூளை மாறாதா' என்று கதை பின்னத் தோன்றும் காலம் அது.

திட்டிக்கொண்டே பார்த்தவர்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒரு நல்ல விஷயமும் அதில் உண்டு. காரா வந்த விண்கலம், அயனி சக்தியில் ஓடுவதைப் பார்த்து, 'என்டர்பிரைஸ்' இன்ஜினியர் வியந்து போவார். அது வெறும் கற்பனை இல்லை குட்டீஸ்! செனான் போன்ற வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, மின்விசையால் பின்னால் வேகமாகத் தள்ளினால், கலம் முன்னால் நகரும். தள்ளும் விசை, உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் உணரும் எடை அளவுதான். ஆனால், மாதக்கணக்கில் விடாமல் தள்ளும். நாசா, 2007ல் அனுப்பிய, 'டான்' விண்கலம், இப்படித்தான், 2011ல் வெஸ்டாவையும், 2015ல் சீரிசையும் எட்டியது.

சரி, கோபித்துக்கொண்டு, 'டிவி'யை மூடியவர்களுக்கு என்ன நஷ்டம்? அடுத்த வாரமே, செப்டம்பர் 27ல், எதிரிகளின் ரகசியக் கருவியைக் கிர்க்கும், ஸ்பாக்கும் நாடகமாடித் தூக்கி வரும் கதை வந்தது. அந்த, 'சீசனின்' சிறந்த பகுதிகளில் ஒன்று என்று ரசிகர்கள் இன்றும் சொல்வது அதைத்தான்.

1969 ஜூன் 3ல், தொடர் ஒரேயடியாக நின்றது. சரியாக, 47வது நாள், மனிதன் நிலவில் இறங்கினான். உள்ளூர், 'டிவி' நிலையங்கள் பழைய பகுதிகளை வாங்கித் தினமும் போட ஆரம்பித்தன. அதற்கு நிறையப் பகுதிகள் கையில் இருக்க வேண்டும். இரண்டு, 'சீசனோடு' நின்றிருந்தால், 55தான் இருந்திருக்கும். மட்டம், மட்டம் என்று திட்டிய மூன்றாவது, 'சீசனின்' 24 பகுதிகளைச் சேர்த்து, 79 ஆயிற்று. முதலில் பார்க்காதவர்கள் எல்லாம் இந்த மறுஒளிபரப்பில்தான் ரசிகர்களாயினர். 1972 ஜனவரியில், நியூயார்க்கில் ரசிகர் மாநாடு நடந்தபோது, சில நூறு பேரை எதிர்பார்த்தனர்; வந்தது, 3,000க்கும் மேல்!

கடிதம் எழுதும் பழக்கமும் போகவில்லை. நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயர் வைக்க இருந்தனர். 'என்டர்பிரைஸ் என்று வையுங்கள்' என்று ரசிகர்கள் எழுதிக் குவிக்க, அதிபர் ஜெரால்டு போர்டு பெயரை மாற்றினார். 1976 செப்டம்பர் 17ல், கலிபோர்னியாவின் பாம்டேல் நகரில் அதை வெளியே கொண்டு வந்தபோது, நிமாய் உள்ளிட்ட நடிகர்கள் அங்கே நின்றிருந்தனர்.

அந்த ஓடம் சோதனைக்காகக் கட்டியது. 1977ல் வானில் மிதந்து இறங்கிப் பார்த்தது. விண்வெளிக்குப் போகவே இல்லை. 2012 ஏப்ரலில், ஒரு ஜம்போ விமானத்தின் முதுகில் ஏறி, அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக நியூயார்க் வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் வரவேற்கக் காத்திருந்தவர்களில், 81 வயது தாத்தா ஒருவரும் இருந்தார். லெனார்ட் நிமாய்!