‘பங்லிமா’ ரோந்துக் கப்பல்

1956-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலேயே நிர்மாணிக்கப்பெற்று, தொண்டூழியக் கடற்படையினரின் பயிற்சிக்கும் காவலுக்குமாகச் சேவையில் இறங்கிய இச்சிறு கப்பல், ‘பங்லிமா’ என்னும் பெயர் தாங்கிய மூன்றாவது கலமாகும்; முதலாவது, 1942-இல் சிங்கப்பூர் வீழ்ச்சியுற்ற நாட்களில் கடலுக்கு இரையாயிற்று.

சுதந்திரம் பெற்ற குடியரசு தன் கடற்படையைத் தொடங்கியபோது, அதன் ஆதாரமாக நின்றவை ‘சிங்கப்பூரா’, ‘பங்லிமா’, ‘பிடோக்’ ஆகிய கலங்களே. தெலுக் ஆயர் கரையை அடுத்த துறையில், 1967 மே 5 அன்று, ‘சிங்கப்பூரா’வின் கொடிமரத்திலேதான் கடற்படைக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. அந்நாளே இன்றளவும் கடற்படை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

முன்தளத்தில் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி ஒன்றைத் தாங்கி நின்ற ‘பங்லிமா’, வேகமும் வலிமையும் மிக்க புதிய கப்பல்கள் வந்தபின் காவற்பணியினின்று விலகி, இளம் மாலுமிகளின் பயிற்சிக் கலமாயிற்று. பெருங்கப்பல்களின் சரித்திரத்தைப் பேசுவோர் இப்பணியை ஒரே வரியில் கடந்துவிடுவது நியாயமன்று. சுக்கான் பிடிக்கவும், திசை குறிக்கவும், அலையில் கால் தளராது நிற்கவும் ஒரு தலைமுறைக்கு ஆசானாக நின்றது இதுவேயாகும். 1991-இல் கடற்படையினின்று ஓய்வு பெற்ற பின், சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்காக வழங்கப்பெற்றது.