கிளட்ச் மேல் கால் எதற்கு?

குடும்பத்தோடு காரில் மலை ஏறுகிறீர்கள். எஞ்சின் அலறுகிறது. வண்டியோ ஊர்ந்து போகிறது. கருகிய வாடை வேறு வீசுகிறது!

கோளாறு கிளட்சில். எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்கு அனுப்பும் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

புறப்படும் முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். சமதரையில், எதிரே யாரும் இல்லாத இடத்தில், கை பிரேக்கை இறுக்கிப் போடுங்கள். மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் நல்லது. ஓடிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் தட்டு தேய்ந்திருக்கும்.

கியர் விழாமல் கரகர என்கிறதா? கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம்; அல்லது எண்ணெய் ஒழுகியிருக்கலாம்.

சிலர் கிளட்ச் மிதி மீதே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். மேட்டில் கை பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தாங்குவார்கள். தட்டு சீக்கிரம் தேய்வது இதனால்தான்.

காலை எடுங்கள், காசு மிஞ்சும்!