பிரிவு 23 கேட்கும் கேள்வி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர் கடைக்குப் போய்க் கஞ்சா வாங்கலாம். 2012-ல் மக்கள் வாக்களித்துப் பெற்ற உரிமை அது. அதே ஊரில் ராணுவ ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் போக நினைக்கும் பொறியாளருக்கோ அந்த உரிமை உதவாது. ரகசியங்கள் மத்திய அரசுக்குச் சொந்தம். மத்திய அரசின் 1970-ஆம் ஆண்டுச் சட்டமோ கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது.

அந்த வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கான எஸ்.எஃப்-86 விண்ணப்பம் நூறு பக்கங்களைத் தாண்டும். கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்று அதன் 23-ஆம் பிரிவு கேட்கிறது. ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த காலத்தில் பயன்படுத்தியிருந்தால், 7 ஆண்டு வரம்பும் கிடையாது.

‘ஆம்’ என்று எழுதினாலே கதவு மூடிவிடும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை. 2017 முதல் நடைமுறையில் உள்ள 13 அளவுகோல்களில் ஒன்று போதைப்பொருளுக்கானது. எப்போது, எத்தனை முறை, எந்தச் சூழலில் என்று அது பார்க்கிறது. பழைய சகவாசத்தை விட்டாரா, இனி தொடமாட்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாரா என்பதும் கணக்கில் வரும். கல்லூரி நாளில் ஓரிரு முறை புகைத்தவருக்கு வழி இருக்கிறது. இன்றும் பயன்படுத்துபவருக்கு இல்லை. 2008-ல் வந்த சட்டத் திருத்தம் அதைத் தடுக்கிறது.

பலரைக் கவிழ்ப்பது மறைப்புதான். விசாரணை அதிகாரிகள் அண்டை வீட்டாரிடமும் பழைய முதலாளிகளிடமும் விசாரிப்பார்கள். சில துறைகளில் பொய் கண்டறியும் சோதனையும் உண்டு. வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால் நேர்மை பற்றிய தனி அளவுகோலிலும் சிக்குவார்; 5 ஆண்டு வரை சிறை கிடைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இத்தனைக்கும், 23-ஆம் பிரிவில் உண்மையாகச் சொன்ன பதிலைக் குற்றவழக்கில் சாட்சியமாக்க மாட்டோம் என்று அந்த விண்ணப்பமே உறுதி தருகிறது. பயத்தில் பொய் எழுதும் இளைஞர்கள் அந்த வரியைப் படிக்காமல் போவது வேதனை.

அரசும் மெல்ல இறங்கி வந்திருக்கிறது. 3 ஆண்டுகள் கஞ்சாவைத் தொடாதிருக்க வேண்டும் என்ற விதியை எஃப்.பி.ஐ. 2021-ல் ஓராண்டாகக் குறைத்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், முந்தைய கஞ்சாப் பழக்கம் தொடர்பாக வெள்ளை மாளிகையில் 5 பேர் வேலையிழந்தார்கள். மாநிலம் அனுமதித்ததை மத்திய அரசு குற்றமாகப் பார்க்கும் இந்த முரண் நியாயமானதல்ல; அதன் சுமை முழுவதும் விண்ணப்பதாரர் தலையில்தான் விழுகிறது.

2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஏவ்ரில் ஹெய்ன்ஸ் எல்லாத் துறைகளுக்கும் ஒரு வழிகாட்டுதல் அனுப்பினார். பழைய கஞ்சாப் பழக்கம் கவனிக்கப்படும், ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்றது அது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளிலிருந்து கஞ்சாவை விட்டுவிட வேண்டும் என்று விண்ணப்பதாரர்களிடம் சொல்லும்படியும் துறைகளைக் கேட்டுக்கொண்டது.