எலியின் அச்சமும் அச்சமின்மையும்

பூனையை ஒருபோதும் கண்டிராத எலியும் அதன் வாடை பட்டவுடன் ஒடுங்கி நின்றுவிடுகின்றது. ஆய்வுகூடக் கூண்டுகளுக்குள்ளேயே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட எலிகளிடமும் இவ்வச்சம் மறையவில்லை. எவரும் கற்பிக்காத இந்த அச்சம் எங்கிருந்து வருகின்றது?

2007 ஆம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிடோஷி சகானோ தலைமையிலான குழுவினர் இதற்கு விடை தேடினர். சுண்டெலிகளின் மூக்கில் மணத்தை உணரும் நரம்புக் கலங்களுள் ஒரு பகுதியை மரபணு மாற்றத்தின் மூலம் அவர்கள் அகற்றினர். அந்தச் சுண்டெலிகள் பூனையின் அருகில் எவ்விதத் தயக்கமுமின்றிச் சென்றன. வாடையை அவற்றால் நுகர முடிந்தது. அது ஆபத்தின் வாடை என்று அறிய முடியவில்லை. எனினும், துன்பம் தரும் அனுபவத்துடன் சேர்த்து ஒரு மணத்தைப் பழக்கியபோது அதனைத் தவிர்க்க அவை கற்றுக்கொண்டன. பிறவி அச்சத்துக்கும் கற்றறிந்த அச்சத்துக்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள் உள்ளன என்பது இதனால் புலனாயிற்று.

ஆய்வுகூடத்தில் மனிதன் செய்ததை இயற்கையில் ஓர் ஒட்டுண்ணி செய்து வருகின்றது. டொக்ஸோபிளாஸ்மா எனப்படும் இந்நுண்ணுயிர் பூனை இனத்தின் குடலில் மாத்திரமே பாலியல் முறையில் பெருகக்கூடியது. எலியின் உடலிலுள்ள ஒட்டுண்ணி பூனையை அடைய வேண்டுமாயின் அந்த எலி பூனைக்கு இரையாக வேண்டும். தொற்றுக்குள்ளான எலிகள் பூனையின் வாடையை விட்டு விலகுவதில்லை என்றும், சில வேளைகளில் அதனை நாடியே செல்கின்றன என்றும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அங்கே எலி துணிவு பெறவில்லை. தன் காவலை இழந்துவிட்டது.

மனிதரிடம் எலி காட்டும் எச்சரிக்கையோ பெரிதும் அனுபவத்தால் வளர்வது. வீட்டில் புதிதாக வைக்கப்பட்ட பொருளை அது ஐயத்துடனேயே அணுகும். புதிய உணவைச் சிறிதளவு கொறித்துப் பார்க்கும். உடல்நலம் குன்றினால் மீண்டும் அதனைத் தீண்டாது. விரைவில் வேலை செய்யும் நஞ்சுகள் பலவேளைகளில் தோற்றுப்போவதும், சில நாட்களின் பின்னர் கொல்லும் வார்பரின் போன்றவை பயன்படுவதும் இதனாலேயே.

இதே ஒட்டுண்ணி மனிதரையும் தொற்றக்கூடியது. கர்ப்பிணிகளுக்குப் புதிதாகத் தொற்றினால் சிசுவுக்குப் பாதிப்பு ஏற்படலாம். இறைச்சியை நன்கு வேகவைப்பதும், பூனையின் கழிவையோ மண்ணையோ தொட்டபின் கைகளைக் கழுவுவதும் அவசியமாகும். அச்சமின்மை அனைத்தும் வீரமன்று. அளவான அச்சம் உயிரைக் காக்கும் அறிவே என்பதற்கு எலியே சான்று.