வாசலோடு நின்றுவிடும் பொறுப்பு

பாரத் சஞ்சார் நிகாம் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் 2024 அக்டோபரில் அறிவித்த புதிய சேவைகளுள், கண்ணாடி இழை வழியே வீடுகளுக்கு டெலிவிஷன் அளிப்பதும் ஒன்று. அது முதலில் ஆரம்பிக்கப்பட்ட மாகாணங்களில் நம் தமிழ்நாடும் சேர்ந்தது. இந்த டெலிவிஷனைப் பார்ப்பதனால் சந்தாதாரரின் இன்டர்நெட் அளவு குறைவதில்லை. வரவேற்கத்தக்க ஏற்பாடே. எனினும் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களில் குடியிருப்போர் வேண்டுவது, இத்தனை நூறு சானல்கள் என்ற கணக்கையன்று. தடங்கலின்றி ஓடும் படத்தையே.

படம் தடைப்பட்டால் இழையின் மீது பழி விழுகிறது. இது நியாயமன்று. ஓர் இழையில் வரும் ஒளி தெருவிலே 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. வழக்கத்திலுள்ள ஜிபான் முறையில் அவ்விழை வினாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட் சுமக்கும். ஒரு எச்.டி. சானலுக்கு 8 மெகாபிட் என்று கொள்வோம். 64 வீட்டாரும் ஒரே கிரிக்கெட் பந்தயத்தைப் பார்க்கையில், வீட்டுக்கொரு பிரதி அனுப்பினால் 512 மெகாபிட் செலவாகும். ‘மல்ட்டிகாஸ்ட்’ முறையில் அனைவருக்கும் பொதுவாக ஒரே பிரதி செல்லும். 8 மெகாபிட்டே போதும். ஆகவே இழையில் பஞ்சமில்லை.

உண்மையான தொல்லை வாசலைத் தாண்டிய பிறகே ஆரம்பமாகிறது. வைஃபையில் இப்பொதுப் பிரதி பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில் செல்லுகிறது. வந்து சேர்ந்ததென்று பெட்டி பதில் அனுப்புவதில்லையாதலால், வழியில் தவறிய துண்டு மறுபடி அனுப்பப்படுவதுமில்லை. படம் சிதைகிறது. பரிகாரம் எளிது. ரௌட்டரிலிருந்து டெலிவிஷன் பெட்டிவரை ஈதர்நெட் கம்பி இழுத்துவிடலாம். அது இயலாத வீட்டில், பொதுப் பிரதியைத் தனிப் பிரதியாக மாற்றி, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்பவல்ல ரௌட்டரைக் கொடுக்கலாம்.

இதைச் செய்வது யார் பொறுப்பு? வாசலில் வெளிச்சம் வந்ததும் தம் கடமை முடிந்ததென்று இழைக்காரர் கருதுவது சரியன்று. சந்தா செலுத்துபவர் வெளிச்சத்துக்காகப் பணம் கொடுக்கவில்லை, படத்துக்காகக் கொடுக்கிறார். செலவு மிகுமென்று ஆட்சேபிக்கலாம். சில கஜக் கம்பியின் விலையைவிட, ஓயாத புகார்களுக்கு ஆள் அனுப்பும் செலவு பெரிதென்பதை யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

1955 ஜனவரியில் சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியமென்று காங்கிரஸ் மகாசபை தீர்மானித்தது இந்த ஆவடியில்தான். பொதுஜனப் பணத்தில் இடப்பட்ட இழையின் பயன், ஏழை வீட்டின் உள்ளறை வரை செல்ல வேண்டும். கம்பியோ தகுந்த ரௌட்டரோ இன்றி எந்த இணைப்பும் பூர்த்தியானதாகக் கருதப்படலாகாது என்று சர்க்கார் விதி செய்யட்டும். அதைக் கேட்டுப் பெறுவது சந்தாதாரரின் உரிமையாகும்.